பிரெக்சிட்டின் செலவு யார் தலையில் விழுந்தது? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் பிரெக்சிட்டைப் பற்றி, அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதைப் பற்றி, கதைக்கத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் கதை விசாவுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் பவுண்டின் விலைக்குப் போய்விடும். அதில் பிழை இல்லை. லண்டனில் ஒரு சித்தப்பாவோ மச்சாளோ இல்லாத வீடு இங்கே குறைவு, அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய மதிலும் படித்த பிள்ளைகளும் ஏராளம். ஆனால் ஒரு நாடு 47 வருடம் உள்ளே இருந்த ஒரு அரசியல், வர்த்தக ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் காசு எங்கே போகிறது, யாருடைய பையிலிருந்து போகிறது என்று நாங்கள் பெரிதாகக் கேட்டதில்லை. இங்கே அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பிரெக்சிட்டில் வரியால் வந்த சேதம் சின்னது, கடதாசியால் வந்த சேதம் பெரியது. அந்தக் கடதாசிச் செலவைப் பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொண்டன, சின்னக் கடைக்காரரும் சின்ன ஏற்றுமதியாளரும் தாங்க முடியாமல் விலகினார்கள். எங்கள் ஆட்கள், அங்கேயும் சரி இங்கேயும் சரி, பெரும்பாலும் அந்தச் சின்னவர்கள்.

மூன்று கட்டமாக நடந்தது

1973 ஜனவரி 1 அன்று பிரித்தானியா அப்போதைய ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. 1975இல் இருப்பதா போவதா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். 2016 ஜூன் 23 அன்று அந்தக் கேள்வி மறுபடி வந்தபோது 51.9 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அன்றைக்கே போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சட்டப்படி வெளியேறியது 2020 ஜனவரி 31. அதற்குப் பிறகும் அந்த வருட முடிவு வரை பழைய விதிகள்தான் ஓடின. 2020 டிசம்பர் 24 அன்று, நத்தாருக்கு முதல் நாள், வர்த்தக ஒப்பந்தம் முடிவானது, ஒரு கிழமை கழித்து அது நடைமுறைக்கு வந்துவிட்டது. துறைமுகத்திலும் கடையிலும் இருந்தவர்களுக்குப் படித்துப் பார்க்கக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

அதனால் பொருளாதார விளைவையும் மூன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். 2016 முதல் பவுண்டும் முதலீடும். 2021 ஜனவரி முதல் எல்லை. அதே வருடம் முதல் ஆட்கள், அதாவது யார் வேலைக்கு வரலாம் என்ற புது விதி. இவற்றை ஒன்றாகக் குழைத்துவிட்டால் ஒன்றும் விளங்காது, இடையில் கொரோனாவும் உக்ரைன் போரும் வேறு வந்து நிற்கின்றன.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்கே இது அவ்வளவாகத் தெரியாது. 2016 வாக்கெடுப்பில் பிரித்தானியாவில் வசித்த பொதுநலவாய நாட்டவர்களுக்கு வாக்கு இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே படிக்கப் போன யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவர் பதிவு செய்திருந்தால் வாக்குப் போட்டிருக்கலாம். அதே தெருவில் பத்து, பதினைந்து வருடமாகக் கடை நடத்தி வரி கட்டிய, ஆனால் பிரெஞ்சு அல்லது ஜேர்மன் குடியுரிமை வைத்திருந்த தமிழருக்கு வாக்கு இல்லை. யாருடைய வாழ்க்கை அதிகம் மாறப் போகிறதோ அவரிடம் கேட்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறாத இடம் இது.

இன்னொன்று, வாக்குச் சீட்டில் இருந்தது உறுப்பு நாடாகத் தொடர்வதா, வெளியேறுவதா என்ற ஒரே கேள்விதான். வெளியேறினால் சுங்க ஒன்றியத்தில் (தங்களுக்குள் சுங்க வரி இல்லை, வெளியாருக்கு ஒரே வரி) இருப்பதா, ஒரே விதிகளில் ஓடும் ஒற்றைச் சந்தையில் இருப்பதா, வட அயர்லாந்தின் எல்லையை என்ன செய்வது, எதுவும் அதில் இல்லை. தன் விதியைத் தானே எழுத வேண்டும் என்று ஒரு மக்கள் கூட்டம் விரும்புவதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன், அது மதிக்க வேண்டிய விருப்பம். ஆனால் போகும் உரிமை வேறு, போவதற்கான விலை வேறு. அந்த விலைச்சீட்டை யாரும் வாக்காளர் முன் வைக்கவில்லை. வெளியேறும் தரப்பின் பிரசார பஸ்ஸில் எழுதியிருந்தது, ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்ட் அனுப்புகிறோம், அதை எங்கள் சுகாதார சேவைக்குக் கொடுப்போம் என்ற வாசகம். அது, கட்ட வேண்டிய காசில் ஒன்றியம் பிரித்தானியாவுக்கு விட்டுக்கொடுத்த கழிவைக் கழிக்காத தொகை. கழிவும் திரும்பி வந்த மானியங்களும் போக 2016இல் பிரித்தானியா ஒன்றியத்துக்கு நிகரமாகக் கட்டியது வருடத்துக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 பில்லியன் பவுண்ட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பவுண்ட் விழுந்த இரவு

வாக்கு எண்ணத் தொடங்கிய இரவில் ஒரு பவுண்ட் 1.50 டொலருக்கு அருகில் நின்றது. விடியும்போது 1.33க்கும் கீழே, 31 வருடத்தில் காணாத இடத்துக்குப் போயிருந்தது. அப்போது டொலர் எங்களுக்கு 145 ரூபாய் அளவில் இருந்தது. வாக்கெடுப்புக்கு முதல் 215 ரூபாய்க்குக் கிட்ட மாறிய பவுண்ட், ஒக்டோபர் முடிவில் 180 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. மாதம் 200 பவுண்ட் அனுப்பிய மகன் அதே 200ஐத்தான் அனுப்பினார், இங்கே அம்மாவின் கையில் 7,000 ரூபாய் குறைந்தது. வங்கியால் வந்தாலும் சரி, வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, உண்டியலில் வந்தாலும் சரி.

இந்த இழப்பு எங்கள் நினைவில் ஏன் நிற்கவில்லை என்றால், பிறகு எங்கள் ரூபாயே அதைவிட மோசமாக விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட, அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்ட பிறகு பவுண்ட் 400 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துப் பவுண்ட் உயர்ந்ததாக நினைத்த வீடுகள் பல. உண்மையில் அந்த வருடம் செப்டெம்பரில் அன்றைய பிரித்தானியப் பிரதமர் லிஸ் ட்ரஸ் அரசின் சிறு வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு பவுண்ட் 1.03 டொலர் வரை இறங்கியது. அதைப் பிரெக்சிட் கணக்கில் எழுதக் கூடாது, அது வேறு பிழை.

பவுண்ட் விழுந்தால் ஏற்றுமதி கூடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பெரிதாகக் கூடவில்லை. எதிர்காலத்தில் எந்த விதியில் வியாபாரம் செய்யப் போகிறோம் என்று தெரியாத நிறுவனம் புது இயந்திரம் வாங்காது, புதுச் சந்தை தேடாது. 2016க்குப் பிறகு வருடக்கணக்காக வணிக முதலீடு நின்ற இடத்திலேயே நின்றது. இறக்குமதிச் சாமான் மட்டும் உடனே விலை ஏறியது. வாக்கெடுப்புக்குப் பிந்திய ஒரு வருடத்தில் இந்த நாணய வீழ்ச்சியால் சராசரிக் குடும்பத்துக்கு வருடம் 404 பவுண்ட் கூடுதல் செலவு என்று லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. வெளியேற வாக்களித்தாலே உடனே பொருளாதாரம் சுருங்கும், இலட்சக்கணக்கில் வேலை போகும் என்று அன்றைய பிரித்தானிய நிதியமைச்சு பயங்காட்டியது. அப்படி நடக்கவில்லை. அந்தப் பயமுறுத்தலால் வந்த கெடுதல் என்னவென்றால், பிறகு மெதுவாக வந்த உண்மையான சேதத்தைச் சொன்னபோதும் சனம் நம்பவில்லை.

ஒரு பெட்டி சாமான் லண்டனிலிருந்து பாரிசுக்கு

எண்களை விட்டுவிட்டு ஒரு பெட்டியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். இங்கிருந்து ஒடியல் மா, அரிசிமா, மிளகாய்த்தூள், ஊறுகாய், நல்லெண்ணெய், கருவாடு என்று கலந்து கட்டி ஒரு கொள்கலன் கொழும்பு வழியாக லண்டனுக்குப் போகிறது. அங்கே ஒரு தமிழ் மொத்த வியாபாரி இறக்குகிறார். ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது போக, மிச்சத்தில் ஒரு பங்கு வான் வண்டியில் ஏறி டோவர் துறைமுகத்தில் கப்பல் பிடித்துக் கலே வழியாகப் பாரிஸ் லா சப்பேல் கடைகளுக்குப் போகும். 2020 முடியும் வரை அந்த வானுக்குத் தேவைப்பட்டது ஓட்டுநர், டீசல், ஒரு விலைச்சீட்டு. கென்ட்டிலிருந்து பர்மிங்ஹாமுக்குச் சாமான் கொண்டு போவதற்கும் பாரிசுக்குக் கொண்டு போவதற்கும் சுங்கச் சட்டப்படி வேறுபாடு இருக்கவில்லை.

2021 ஜனவரிக்குப் பிறகு அதே வானுக்கு என்ன வேண்டும்? இந்தப் பக்கம் ஏற்றுமதிச் சுங்கப் பத்திரம், அந்தப் பக்கம் இறக்குமதிச் சுங்கப் பத்திரம், இரண்டுக்கும் பதிவு எண்கள், பிரான்சில் பெறுமதி சேர் வரியைக் கட்ட ஓர் ஒழுங்கு. இதைத் தானே செய்யத் தெரியாவிட்டால் சுங்க முகவருக்குக் கூலி. கருவாடோ நெய்யோ இருந்தால் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ். அது ஒரு சரக்குக்கு 200 பவுண்ட் வரை போகும் என்று பிரித்தானிய அரசே சொல்கிறது. நூறு கிலோ கருவாட்டுக்கும் அதே சான்றிதழ், இருபது தொன் மீனுக்கும் அதே சான்றிதழ். பெரிய நிறுவனத்துக்கு இது கிலோவுக்குச் சதக் கணக்கு, எங்கள் வியாபாரிக்கு முழு இலாபமும் அதற்குள் போய்விடும். கலப்புச் சரக்கில் இன்னொரு சிக்கல்: ஒரு பெட்டியின் கடதாசி பிழைத்தால் அந்த ஒரு பெட்டி மட்டும் நிற்காது, முழு வாகனமும் நிற்கும்.

சரி, வரி இல்லாத ஒப்பந்தம்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் மிகப் பெரிய விளங்காமை இருக்கிறது. பிரித்தானியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையில் வரி இல்லை என்பது பிரித்தானியாவில் அல்லது ஒன்றியத்தில் உற்பத்தியான பொருளுக்கு மட்டும். எங்கள் ஒடியல் மா யாழ்ப்பாணத்துப் பொருள். லண்டனில் சுங்கம் முடித்து உள்ளே எடுத்து, பெட்டியை உடைத்து, பிரித்து, மறுபடி கட்டி அனுப்பினாலும் அது பிரித்தானியப் பொருளாக மாறாது. இலங்கைக்கு ஒன்றியம் கொடுத்திருக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையையும் அந்த வழியில் கேட்க முடியாது, ஏனென்றால் பொருள் இடையில் இன்னொரு நாட்டின் சந்தைக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டது. ஆகவே நேரே பாரிசுக்குப் போயிருந்தால் வரி இல்லாமல் இறங்கியிருக்கும் சாமான், லண்டன் சுற்றிப் போனதால் முழு வரி கட்டும். எல்லாப் பொருளுக்கும் இல்லை, சிலவற்றுக்கு வரி இயல்பாகவே பூச்சியம். ஆனால் எது எந்த வகை என்று பார்க்கவே ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் ஊர்ச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்த ஓர் உதாரணம் போதும். ஏ9 வீதியில் முகமாலையிலும் ஓமந்தையிலும் சாமான் இறக்கி ஏற்றின காலம் நினைவிருக்கும். பாதை திறந்திருந்த 2002க்கும் 2006க்கும் இடையிலும் கூட, இராணுவம், புலிகள் என்று இரண்டு தரப்புச் சோதனை, பதிவு, காத்திருப்பு, கட்டணம் எல்லாம் சேர்ந்து யாழ்ப்பாணக் கடை விலையில் வந்து நின்றது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியபின் நடந்தது வேறு, அது போர், பட்டினி. அதையும் டோவரில் படிவம் நிரப்புவதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஒரு வாசல் இருந்தாலே, அது திறந்த வாசலாக இருந்தாலும், விலை ஏறும் என்பது நாங்கள் அனுபவத்தில் கண்டது. அந்த விலையைக் கட்டியது கடைசியில் வாங்கிச் சமைத்தவர்தான்.

லண்டன் பொருளியல் கல்லூரியின் இன்னொரு ஆய்வு இதற்கு எண் கொடுக்கிறது. புதிய ஒப்பந்தம் வந்தபின் 16,400 பிரித்தானிய நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதை முற்றாக நிறுத்திவிட்டன. பெரிய நிறுவனங்களின் ஏற்றுமதி ஏறக்குறைய பழைய நிலையில் நிற்கிறது. விழுந்தது சின்ன நிறுவனங்கள். பிரித்தானியப் பொருள் ஏற்றுமதி 2022இல் 27 பில்லியன் பவுண்ட் குறைவாக இருந்தது என்பது அதே ஆய்வின் கணக்கு. மொத்தத் தொகையை மட்டும் பார்க்கும் பத்திரிகைச் செய்தியில் அந்த 16,400 கதவுகள் மூடியது தெரியாது.

எதிர்த் திசையில், ஒன்றியத்திலிருந்து பிரித்தானியாவுக்கு வரும் உணவுக்கு, சோதனையைப் பிரித்தானியா பல தடவை தள்ளிப் போட்டது. காரணம் எளிது, தன் சொந்தக் கடையில் விலை ஏறும் என்று அதற்கே தெரியும். கடைசியில் 2024 ஜனவரி 31 முதல் சுகாதாரச் சான்றிதழும், ஏப்ரல் 30 முதல் நேரடிச் சோதனையும் வந்தன. டோவர் வழியாக வரும் இறைச்சி, பால் வகைக்கு ஒரு பொருள் வரிசைக்கு 29 பவுண்ட் வரை, ஒரு சரக்குக்கு உச்சமாக 145 பவுண்ட் கட்டணம். சின்ன இறக்குமதியாளர்தான் இதிலும் முதலில் கத்தினார்.

உணவு விலைக்கு என்ன ஆனது? 2019 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை பிரித்தானியாவில் உணவு விலை 25 சதவீதம் ஏறியது. பிரெக்சிட்டின் எல்லைத் தடைகள் இல்லாதிருந்தால் அது 17 சதவீதத்தோடு நின்றிருக்கும், ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 250 பவுண்ட் மிஞ்சியிருக்கும் என்று அதே கல்லூரியின் ஆய்வு சொல்கிறது. வருமானத்தில் பெரிய பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பவர் ஏழை, ஆகவே அடி அவருக்குத்தான் பலமாக விழும். வெளியேற வாக்களித்த ஊர்களில் பல, ஏழை ஊர்கள்.

மீன்பிடி ஊரின் கதை

மீன்பிடி இல்லாமல் யாழ்ப்பாணத்தில் எந்தப் பொருளாதாரக் கதையும் முடியாது, அதனால் சுருக்கமாக. கிறிம்ஸ்பி என்ற பழைய மீன்பிடித் துறைமுகத்தை உள்ளடக்கிய மாவட்டத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். எங்கள் கடலில் வெளியார் படகு பிடிக்கிறது என்ற கோபம். இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்து நிற்கும் குருநகர், பருத்தித்துறைக் கடற்றொழிலாளிக்கு அந்தக் கோபம் சொல்லித்தராமலே விளங்கும், அது பொய்க் கோபம் இல்லை.

ஆனால் இன்றைய கிறிம்ஸ்பியின் வேலை பெரும்பாலும் இறக்குமதி மீனை வெட்டிப் பொதி செய்வது. கடலில் பிடிபடுவதிலும் நண்டு, சிப்பி, இறால் போன்ற நல்ல விலைச் சாமான் ஐரோப்பாவுக்கே போகிறது. 2021 ஜனவரியில் கடதாசி பிழைத்து உயிர் நண்டும் இறாலும் லொறியில் கிடந்து பழுதாகின. ஸ்கொட்லாந்து வியாபாரிகள் லொறிகளை லண்டனுக்குக் கொண்டு வந்து அரசாங்க வாசலில் நிறுத்திப் போராடினார்கள். பிடிக்கும் உரிமை கொஞ்சம் கூடியது, விற்கும் வழி சுருங்கியது. நண்டு ஏற்றுமதி செய்யும் எவரைக் கேட்டாலும் சொல்வார், ஒரு நாள் தாமதம் என்பது பாதி விலை. 2025 மே மாத உடன்பாட்டில் ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதி 2038 வரை நீட்டப்பட்டுவிட்டது, ஆக அந்த மீனவர் கேட்டதும் முழுதாகக் கிடைக்கவில்லை.

மொத்தக் கணக்கு

பிரித்தானிய அரசின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், இது அரசாங்கம் அமைத்த சுயாதீன அமைப்பு, தொடர்ந்து சொல்லும் மதிப்பீடு: நீண்ட காலத்தில் பிரித்தானியாவின் உற்பத்தித்திறன், ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 4 சதவீதம் குறையும், ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறையும். வேறு சில பொருளியலாளர்களின் கணக்கு இதைவிடப் பெரியது. 2.8 டிரில்லியன் பவுண்ட் அளவிலான பொருளாதாரத்தில் 4 சதவீதம் என்பது வருடத்துக்கு 110 பில்லியன். மேலே மனதில் வைக்கச் சொன்ன 8, 9 பில்லியன் மிச்சத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த 4 சதவீதம் ஒரே நாளில் விழுந்ததல்ல, அதுதான் இதன் கொடுமை. கட்டாத தொழிற்சாலை, வாங்காத இயந்திரம், எடுக்காத ஆள், நிறுத்திய ஏற்றுமதி என்று சிறிது சிறிதாகச் சேர்ந்தது. நடக்காமல் போன ஒன்றைப் படம் பிடிக்க முடியாது. அதனாலேயே எந்த அரசியல்வாதியும் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வரவில்லை.

புது ஒப்பந்தங்கள் ஈடு செய்தனவா? அவுஸ்திரேலிய ஒப்பந்தம் நீண்ட காலத்தில் பொருளாதாரத்தை 0.08 சதவீதம் கூட்டும் என்பது பிரித்தானிய அரசின் சொந்தக் கணக்கு. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய ஒப்பந்தம் 0.13 சதவீதம். சேவைத்துறை ஏற்றுமதி நன்றாகத்தான் போனது, ஆலோசனை, சட்டம், கணக்கு வேலை எல்லாம் உலகம் முழுக்க விற்றது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது லண்டன் அலுவலகங்களின் பிழைப்பு, வட இங்கிலாந்துத் தொழில் நகரமான சண்டர்லாண்டின் தொழிலாளிக்கோ டூட்டிங்கின் கடைக்காரருக்கோ அதில் பங்கு குறைவு.

ஆட்கள்

ஒன்றியத்துக்குள் ஆட்கள் நினைத்தபடி இடம் மாறலாம் என்ற உரிமையை எங்கள் ஆட்கள் பயன்படுத்தியது போல் வேறு யாரும் பயன்படுத்தியிருப்பார்களா தெரியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து, டென்மார்க் என்று அகதியாகப் போனவர்கள், குடியுரிமை கிடைத்த கையோடு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் கோயில், கடை, சொந்தம் என்று பெரிய தமிழ்ச் சமூகம் இருந்ததற்காகவும் லண்டனுக்கு இடம் மாறினார்கள். அந்தக் கதவு 2020 டிசம்பர் 31 அன்று மூடியது. அதற்கு முதல் போயிருந்தவர்கள் தொடர்ந்து வசிக்கும் உரிமைக்காக 2021 ஜூன் 30க்குள் குடியேற்றத் திட்டத்தில் பதிய வேண்டியிருந்தது. இனிமேல் பாரிசில் பிறந்த பிள்ளை லண்டனில் மாமாவின் கடையில் வேலை செய்ய, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்தும், விசா எடுக்க வேண்டும்.

அந்த ஆட்கள் குறைந்ததும் பிரித்தானியா தவித்தது. 2021 செப்டெம்பரில் லொறி ஓட்டுநர் இல்லாமல் பெற்றோல் செட்டுகளில் வரிசை நின்றது. எங்களுக்கு 2022இல் டொலர் இல்லாமல் வந்த வரிசை அவர்களுக்கு ஓட்டுநர் இல்லாமல் வந்தது, அந்தப் பெற்றோல் செட்டுகளில் பலவற்றை நடத்துவது எங்கள் தமிழர்கள். முதியோர் பராமரிப்பில் ஆள் பற்றாக்குறை இன்னும் மோசமானதால் 2022 பெப்ரவரியில் பராமரிப்பு வேலைக்கு விசாவைத் திறந்தார்கள். வெளியேறினால் தெற்காசியர்களுக்கு இடம் கிடைக்கும் என்று 2016இல் கறிக்கடை முதலாளிகளிடம், வெளியேறும் பிரசாரத்தில் நின்ற அரசியல்வாதி பிரீத்தி பட்டேல் போன்றவர்கள் சொன்னது, வேறொரு வடிவத்தில், கொஞ்சக் காலத்துக்கு நடந்தது.

அந்தக் கொஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்ததைச் சொல்லக் கோபம் வருகிறது. காணி விற்று, நகை அடகு வைத்து, முகவர்களுக்குக் காசு கட்டி எத்தனை குடும்பங்கள் வெளிக்கிட்டன. வேலை வழங்குநர் தர வேண்டிய அனுசரணைப் பத்திரத்துக்குக் காசு வாங்குவதே விதிமீறல் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அங்கே போய் இறங்கினால் சொன்ன வேலையும் இல்லை, சொன்ன மணித்தியாலமும் இல்லை. 2022 ஜூலை முதல் 2024 முடிவு வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அனுசரணை உரிமத்தைப் பிரித்தானியா இரத்துச் செய்தது, அவற்றோடு 39,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தொடர்புபட்டிருந்தார்கள், எல்லா நாட்டவரும் சேர்த்து. உரிமம் போனால் 60 நாளுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிப் போவது தடை. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தம். ஒன்றியத்துக்குள் இருந்த உரிமை ஒப்பந்தத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமை, அதை ஒரு அமைச்சர் நினைத்தபடி மாற்ற முடியாது. அதன் இடத்துக்கு வந்த விசாவைத் திறக்கவும் மூடவும் ஓர் அறிவித்தல் போதும், மூடும்போது கடனோடு நிற்பவர் எங்கள் பிள்ளை.

இலங்கையின் சலுகை இரண்டாகப் பிரிந்தது

ஒன்றியம் இலங்கைக்குக் கொடுக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: மனித உரிமை, தொழிலாளர் உரிமை உள்ளிட்ட 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும். 2010 ஓகஸ்டில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது, 2017 மேயில் திரும்பி வந்தது. அந்த நிறுத்தம் எவ்வளவு கனமானது என்றால், இலங்கையின் ஆடைக்கு ஐரோப்பாவில் மிகப் பெரிய வாங்குநரான பிரித்தானியாவும் அதற்குள் அடங்கியிருந்தது.

இப்போது பிரித்தானியா 2023 ஜூன் முதல் தன் சொந்தத் திட்டத்தை நடத்துகிறது. அதில் அந்த 27 உடன்படிக்கை நிபந்தனை இல்லை, கடுமையான உரிமை மீறல் என்றால் நிறுத்தலாம் என்ற அதிகாரம் மட்டும் இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தையல் இயந்திரத்தில் இருக்கும் பெண்களுக்கு இது நல்லது, ஒரு கதவு மூடினாலும் மற்றது திறந்திருக்கும். 2026 தொடக்கம் முதல் எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும் இலங்கை ஆடைக்குப் பிரித்தானியாவில் வரி இல்லை என்ற தளர்வும் வந்திருக்கிறது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று பேச வேண்டிய இடத்தில் கொழும்பின் மேல் இருந்த அழுத்தம் பாதியாகப் பிரிந்துவிட்டது. பிரெக்சிட்டால் எங்களுக்கு நேர்ந்தவற்றில் எவரும் கதைக்காதது இதுதான். இரண்டு பக்கமும் உண்மை, இரண்டையும் ஒன்றாகச் சொல்லத்தான் வேண்டும். இந்திய ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது இந்திய ஆடையும் வரியில்லாமல் பிரித்தானியாவுக்குள் வரும், அப்போது எங்கள் தொழிற்சாலைகளுக்கு நெருக்கடி கூடும்.

இனி என்ன

2025 மே 19 அன்று பிரித்தானியாவும் ஒன்றியமும் உறவைச் சீர்செய்யும் உடன்பாடு ஒன்றுக்கு வந்தன. உணவு, தாவர, கால்நடைச் சான்றிதழ்களை நீக்கும் ஒப்பந்தம் அதில் முக்கியம். அது முழுமையாக வந்தால் கருவாட்டுக்கும் நெய்க்கும் அந்த 200 பவுண்ட் போய்விடும். ஆனால் சுங்கப் பத்திரம் போகாது, உற்பத்தி நாட்டு விதியும் போகாது, ஏனென்றால் பிரித்தானியா சுங்க ஒன்றியத்துக்கு வெளியே தான் நிற்கப் போகிறது. இதை லண்டன் வியாபாரிகளே குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே இங்கிருந்து அனுப்புபவர்களுக்கு: லண்டன் வாங்குநர் பாரிஸ் கடைகளுக்கும் சேர்த்து ஓடர் தந்தால், பாரிஸ் பங்கைத் தனியாகப் பொதி செய்து, தனி விலைச்சீட்டோடு, நேரே பிரான்சுக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். ஒன்றியத்துக்குப் போகும் சரக்கு 6,000 யூரோவைத் தாண்டினால் ரெக்ஸ் (REX) என்ற ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும், அதைக் கொழும்பில் வர்த்தகத் திணைக்களம் செய்து தருகிறது. அதற்குக் குறைந்த சரக்குக்கு விலைச்சீட்டிலேயே உற்பத்தி நாட்டு வாசகத்தை எழுதினால் போதும். பிரித்தானியாவுக்கு ரெக்ஸ் தேவையில்லை, அதற்கு வேறு பிரகடனம். ஒரே பெட்டிக்கு இரண்டு சந்தையின் கடதாசியையும் கலந்து போடாதீர்கள். கப்பல் கூலி கொஞ்சம் கூடும், உங்கள் வாங்குநரிடம் பிரான்சில் இறக்குமதியாளராகப் பதிந்த ஒருவர் இருக்க வேண்டியும் வரும். அந்த இரண்டு செலவையும், லண்டன் சுற்றிப் போனால் கட்ட வேண்டிய வரியையும் முகவர் கூலியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓடரை ஏற்றுக்கொள்ளுங்கள்.